வெயில் டீச்சரின் மணி

நடுவட்டத்தில் வெயிலைக் கண்டுபிடித்தவர் வெயில் டீச்சர்தான். அதற்கு முன்னால் அந்த மலையூரில் மழையைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

திருப்பூரிலிருந்து நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போனபோது, அவருக்கு இருபத்தைந்து வருட சர்வீஸ். ஜூலையில் மேகம் கொஞ்சம் விலகினால் போதும், பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் மணியடிப்பார். பள்ளிக்கூடமே ஈர ஸ்வெட்டரோடு மைதானத்துக்கு வந்துவிடும். தலைமையாசிரியர் விதிமுறை பற்றி ஏதோ முனகியபடி, எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார்.

ஒருநாள் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். மெமோ கொடுப்பதற்கென்றே பிறந்த முகம். அன்றைக்கென்று பார்த்து வெயில் வந்து தொலைத்தது. மணியும் அடித்தது. டீச்சர் நேரே அவரிடம் போய், "ஏனுங்க சார், அந்த ஈர சாக்ஸக் கழட்டிக் கல்லு மேல போடுங்க. பத்து நிமிசந்தானுங்க அடிக்கும்" என்றார். அவர் வெறுங்காலோடு வெயிலில் நின்றே எங்கள் பாடக்குறிப்புகளில் கையெழுத்துப் போட்டார். ஒரு குறையும் எழுதவில்லை.

மழையில் எடுத்த முடிவு செல்லாது என்பது டீச்சரின் சட்டம். பிள்ளைகளின் சண்டையைக்கூட வெயில் வரும்வரை ஒத்திவைப்பார். அதற்குள் அவர்களுக்கே காரணம் மறந்துபோயிருக்கும்.

என் மனைவியும் மகளும் திருப்பூரில் இருந்தார்கள். மழை பிடித்தால் மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுதிவிடுவேன். டீச்சர் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். "மழையில எழுதுனதுல பாதி குளிருங்க சார். வெயில்ல ஒருக்காப் படிச்சுப் பாருங்க." வெயிலில் எதிரே தேயிலைச் சரிவு பளபளக்கும். விண்ணப்பம் என் பைக்குள் போய்விடும். இப்படியே ஆறு வருடம் ஓடியது.

ஏழாம் வருடம் நான் வீட்டுக்குப் போயிருந்தபோது மகள் தன் அம்மாவிடம், "அப்பா எப்பம்மா அவங்க ஊருக்குப் போறாங்க?" என்று கேட்டாள். திரும்பி வந்ததும் எழுதினேன். நல்ல வெயிலில் நின்று படித்தேன். ஓர் எழுத்தும் மாறவில்லை. டீச்சரிடமே கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"வெயில்லயும் மாறலீங்களே. அப்பப் போயிருங்க சார்" என்றார்.

தானே கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேசையில் வைத்தார். அன்றைக்கு வெயில் இருந்தும் அவர் மைதானத்துக்குத் திரும்பி வரவில்லை.

மாறுதல் கிடைத்து நான் திருப்பூருக்கு வந்துவிட்டேன். டீச்சர் ஓய்வு பெற்றும் அங்கேதான் இருக்கிறார். வருடாவருடம் மழைக்கு நடுவே முதல் வெயில் வந்ததும் எனக்குப் போன் செய்வார். "சார், இங்க வெயிலடிக்குதுங்க." அவ்வளவுதான், வைத்துவிடுவார். வெயிலில் நிற்க வேண்டுமே.

இந்த வருடம் அங்கே மழை தொடங்கி ஒரு மாதமாகிறது. போன் வரவில்லை. நானே கூப்பிடலாம், பயமாக இருக்கிறது. திருப்பூர் வெயிலில் உட்கார்ந்து, நடுவட்டத்தில் இன்னும் வெயில் வரவில்லை, வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.