நிழல்மணிக் காக்கா

நேரம் கேட்டவரை வெயிலில் நிறுத்திவைத்துப் பதில் சொன்ன மனிதர், கல்முனைக் கடைத்தெருவில் நிழல்மணிக் காக்கா ஒருவர்தான். தையற்காரர்; காக்கா என்றால் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், புதிதாக ஆசிரியர் வேலை கிடைத்துப் போன நான் அவருடைய கடைக்கு அடுத்த அறையில் குடியிருந்தேன்.

ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார சர்வேயர் துரை கொடுத்த பித்தளை டப்பி அவரிடம் இருந்தது. உள்ளே திசைகாட்டி முள். அதன்மேல் நிமிர்த்தி வைக்கும் சிறு தகடு. முள்ளுக்கு ஏற்ப டப்பியை வடக்கே திருப்பினால், தகட்டின் நிழல் மணியைச் சொல்லும்.

யாராவது மணி கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டுத் தெருவில் போய்க் குந்துவார். முள் ஆடி அடங்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டார். ஒருமுறை மட்டக்களப்பு பஸ்ஸுக்குப் போனவர் கேட்டுவிட்டார். காக்கா நிமிர்ந்து "எட்டேகால்" என்றபோது எட்டரை பஸ்ஸே போய்விட்டிருந்தது.

"என்ன காக்கா, பஸ் போயிட்டே!"

"பஸ்தான் பிழ. சூரியன் அல்லாஹ் வெச்சது. பஸ்ஸ மனிசன்தானே ஓட்டுறான்."

குளிர்நாட்டு வெயிலுக்குச் செய்த டப்பி அது, நம் ஊரில் உச்சிப்பொழுதுக்கு மட்டுமே சரிவரும் என்று படம் போட்டு விளக்கினேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்த மாரியில் அவர் மனைவிக்குக் கடும் காய்ச்சல். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மருந்து, பிந்தவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியே அடைமழை. சூரியனைக் காணோம். காக்கா நனைந்தபடி என் வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டர், உங்கட மணிக்கூட்டத் தருவீங்களா? அவக்கு மருந்து குடுக்கணும். எனக்கு நேரம் தெரியல்ல."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதேயில்லை. அலாரம் மணிக்கூட்டை எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நாள் கடை திறக்கவில்லை. நான் விசாரிக்கப் போனபோதெல்லாம் மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, அறைக் கதவோரம் இருந்தார். ஒரு வேளை மருந்தும் பிந்தவில்லை.

ஆறாம் நாள் மழை விட்டது. அந்த அம்மா எழுந்து கஞ்சி குடித்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்பு காக்கா மணிக்கூட்டைத் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், காய்ச்சல் விட்டுட்டு மாஸ்டர்." கண்கள் கலங்கியிருந்தன. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. இப்பதான் வெயில்ல வெச்சுப் பாத்தன். இது மூணு நிமிஷம் பிந்துது."

அவர் முன்னாலேயே மணிக்கூட்டு முள்ளை மூன்று நிமிடம் முன்னே தள்ளி வைத்தேன். கல்முனையில் இருந்த காலம் முழுவதும், பள்ளிக்கூடத்துக்கு மூன்று நிமிடம் முந்தியே போய்க்கொண்டிருந்தேன்.