பக்கத்து இடம்

"எல்லாரும் உயிர்த்தெழுற அன்னைக்கு நீங்க யார் முகத்துல முழிப்பீங்க?"

மனைவி இதைக் கேட்டபோது லிஃப்ட் மெக்கானிக்கின் வாயில் டீ இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதைக் கன்னத்திலேயே அடக்கி வைத்திருந்தார்.

தப்பு போதகர் மேல்தான். அன்று காலை ஆராதனையில், சொர்க்கம் என்றதும் சினிமாவில் விடுகிற வெள்ளைப் புகையையும் முதுகில் கட்டிய இறக்கையையும் நினைத்துக்கொள்பவர்களை அவர் ஒரு பிடி பிடித்தார். ஆவியாக மிதப்பதல்ல நம் நம்பிக்கை, உடம்போடு எழுவது என்றார். படுத்த இடத்திலிருந்து கையும் காலும் முகமுமாக எழுந்து நிற்போம் என்றார். சபையார் ஆமென் சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மெக்கானிக்கின் மனைவி மட்டும் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வழியில் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து, அவருடைய முதல் மனைவிக்குப் பூ வைத்துவிட்டு வந்தார்கள். அங்கே ஒரே கல்லில் இரண்டு பெயர். இடப்பக்கம் மூத்தவளின் பெயர், பிறந்தது, இறந்தது. வலப்பக்கம் மெக்கானிக்கின் பெயர், பிறந்தது, ஒரு கோடு, அப்புறம் வழவழவென்று வெறும் கல். மூத்தவள் போன துக்கத்தில், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அவர் பிடித்துவைத்த இடம் அது. பிறகு மறுமணம் நடந்தது. துண்டு மட்டும் அப்படியே கிடந்தது. இன்றைக்கு அந்த வலப்பக்கத்தையே மனைவி வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கவனித்திருந்தார்.

டீ ஒருவழியாக உள்ளே போனது.

"யார் முதல்ல கூப்பிடறாங்களோ அவங்க முகத்துல" என்றார், சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைத்து.

"யாராவது கூப்பிட்டு நீங்க என்னைக்கு எழுந்திருக்கீங்க?"

"அன்னைக்கு எக்காளம் ஊதுவாங்கம்மா."

"அலாரத்துக்கே அசையறதில்லை" என்று சொல்லிவிட்டு அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் பேச்சில்லை.

சத்தம் போடுகிற லிஃப்டைக் கண்டு மெக்கானிக் பயந்ததே கிடையாது. சத்தமில்லாமல் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுகிற லிஃப்ட்தான் ஆபத்து. இவள் நின்றுவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. அவள் மூத்தவளை எப்போதும் 'அக்கா' என்றுதான் சொல்வாள். அவர் மின்விசிறியைக் கழற்றி மாட்டி, கடைசியில் நாலு திருகாணி மிச்சமாகி நின்றால், "இதையெல்லாம் அக்கா எப்படித்தான் தாங்கினாங்களோ" என்பாள். இத்தனை நாளும் அது கிண்டல் என்று விட்டிருந்தார். இப்போதுதான் அதற்குள் புகைச்சல் இருப்பது அவருக்குப் பிடிபட்டது. பிடிபட்டால் சும்மா இருக்கக் கூடியவரா?

மறுநாளே கல்லறைத் தோட்டக்காரரைப் பார்த்தார். அங்கே புல் வெட்டுவது, குழி வெட்டுவது, கல்லில் எழுத்து வெட்டுவது எல்லாம் அந்த ஒரே மனிதர்தான். மெக்கானிக் சொன்னபடி, கல்லில் மெக்கானிக்கின் பெயரை மறைத்து ஒரு சலவைக்கல் பட்டையை ஒட்டிக் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெக்கானிக், ஒருவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் வழக்கம் இல்லாதவர்.

அந்த வாரமே மூத்தவளின் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். கத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"என் தங்கச்சி பக்கத்துல என்ன மாப்ளை, ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு?"

மெக்கானிக் கல்லில் விரிசல், மழை, ஈரம் என்று என்னென்னவோ சொன்னார்.

"சின்ன வயசுலேர்ந்தே அவ தனியாப் படுக்க மாட்டா, மாப்ளை. எழுந்து பார்க்கும்போது பக்கத்துல ஆள் இல்லேன்னா பயந்துடுவா" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

கதவோரம் நின்ற மனைவியும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவர் சொல்றது சரிதாங்க. அக்காவைத் தனியா விடக் கூடாது."

இது வஞ்சப் புகழ்ச்சியா, நெஞ்சிலிருந்து வந்ததா என்று மெக்கானிக்குக்குப் புரியவில்லை. புரியாதபோது எதையாவது கழற்றுவது அவர் சுபாவம். பட்டையைக் கழற்றச் சொன்னார். ஒட்டியது நல்ல ஒட்டு. பட்டையோடு அவர் பெயரில் பாதியும் பெயர்ந்து வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூவோடு போய் நின்றபோது, மனைவி அந்த அரைகுறைப் பெயரைத் தடவிப் பார்த்தாள்.

"பாதிதான் இருக்கு. மீதியையும் எடுத்துட்டா என்னங்க?"

அவ்வளவுதான். மெக்கானிக் நேராகப் போதகரின் அறைக்குப் போனார்.

போதகர் பொறுமையாகக் கேட்டார். ஏழு பேரை அடுத்தடுத்துக் கட்டியவள் யாருக்கு மனைவியாவாள் என்று பைபிள் காலத்திலேயே ஆண்டவரை மடக்கிப் பார்த்தவர்கள் உண்டு, உங்களுடையது இரண்டோடு நின்றதற்கு நன்றி சொல்லுங்கள் என்றார். அங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது, ஆனால் இங்கே வைத்த அன்பில் ஒரு பொட்டும் வீண்போகாது என்றும் விளக்கினார். அழகான விளக்கம். மெக்கானிக் அதை வீடுவரை சுமந்துகொண்டு வந்ததில், வழியிலேயே பின்பாதி கீழே விழுந்துவிட்டது.

"நல்ல சேதிம்மா. அங்க போனா நீ எனக்குப் பெண்டாட்டியே இல்லையாம்."

மனைவி அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். "அப்ப அக்கா?"

"அவளும் இல்லையாம்."

"அப்ப நானும் அக்காவும் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை?"

இதை அவர் கேட்டுக்கொண்டு வரவில்லை. உடனே போதகருக்குப் போன் போட்டு, இரண்டு பேரும் அங்கே சண்டை போட்டுக்கொள்ள வாய்ப்புண்டா என்று விசாரித்தார். அங்கே சண்டையே கிடையாது என்று பதில் வந்தது. மனைவியிடம் அப்படியே சொன்னார்.

"சண்டைன்னு யார் சொன்னா?" என்றாள் அவள். கொஞ்ச நேரம் காய் நறுக்கிவிட்டு, தலை நிமிராமலே, "தங்கச்சி வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாம்னு பார்க்கிறேன்" என்றாள்.

மெக்கானிக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். மூத்தவள் போன பிறகு கொஞ்ச காலம் இந்த வீட்டில் அவர் தனியாக இருந்து பார்த்திருக்கிறார். சாவி போட்டுத் திறந்ததும், காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை இன்னொரு தடவை பார்க்க அவரால் முடியாது. மறுமையில் என்ன நடந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். இங்கே இவள் இல்லாமல் முடியாது. இதை எழுந்துபோய் அவளிடம் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆண்பிள்ளைகள் அந்த மாதிரிக் காரியத்தைக் கடைசியில்தான் செய்து பார்ப்பார்கள்.

மத்தியானம் டிவியில் ஒரு பேய்ப்படம் போட்டார்கள். செத்துப்போன முதல் மனைவி வெள்ளைப் புடவையில், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் மனைவியின் உடம்புக்குள் புகுகிறாள். மெக்கானிக் பாய்ந்து டிவியை அணைத்தார்.

"ஏன் நிறுத்தினீங்க? இனிமேதான் ரெண்டு பேரும் சேர்ந்து அந்தாளைக் கவனிக்கப் போறாங்க."

"போதகர் இதெல்லாம் பொய்ன்னு சொன்னாரில்ல?"

"புகைதான் பொய்னாரு" என்று மனைவி மறுபடி போட்டாள். கடைசிவரை பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அந்தத் திருப்தியைப் பார்த்துத்தான் மெக்கானிக் முடிவெடுத்தார்: இனி ஒட்டுவேலை உதவாது, அடியோடு மாற்ற வேண்டும்.

கல்லறைத் தோட்டத்தில், மூத்தவளின் கல் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு நேர் எதிர்மூலையில், பின்சுவரை ஒட்டி, இருவருக்கான இடம் ஒன்றைத் தோட்டக்காரரிடம் போனிலேயே பேசி வைத்தார். அந்தப் பக்கம் பழைய கல்லில் தன் பெயரில் மிஞ்சியிருந்ததையும் செதுக்கி எடுக்கச் சொல்லிவிட்டார். அதற்குத் தோட்டக்காரர், "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா சார்?" என்றார். "அவளுக்காகத்தான் எல்லாமே" என்று இவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மனைவியை அங்கே அழைத்துக்கொண்டு போனார். வெறும் புல்தரை. சுற்றிலும் பாசி பிடித்த கற்கள். ஏதோ வீடு வாங்கிக் கொடுத்தவர்போலக் கையை நீட்டிக் காட்டினார்.

"இது உனக்கு. இது எனக்கு. இங்கேருந்து பார்த்தா அவ கல்லு கண்ணுக்கே தெரியாது."

மனைவி எட்டி வாசல் பக்கம் பார்த்தாள். அவர் சொன்னது உண்மைதான், தெரியவில்லை.

"இவ்வளவு தூரமா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "இங்க எனக்கு யாரையுமே தெரியாதுங்க."

"நான் இருக்கேனேம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பூச்சாடிக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள்.

மெக்கானிக் சுவரோரம் அப்படியே உட்கார்ந்தார். புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். இந்தத் தடவைதான் மெக்கானிக்குக்கு மற்றவர் பேச்சைக் கேட்கத் தெம்பு, அதாவது மறுத்துப் பேசத் தெம்பில்லாத நிலை, வந்திருந்தது.

"இன்னும் என்னதான்யா செய்யறது? அவ பக்கத்துலேர்ந்து என்னைச் சுத்தமா எடுத்தாச்சு. அப்பவும் இவ அழறா. என்னை விட்டுட்டுப் போயிடுவா போலிருக்கு."

தோட்டக்காரர் குழாயடியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மா கேட்டது உங்க பக்கத்து இடத்தை இல்ல சார், அக்கா பக்கத்துல இருக்கிற உங்க இடத்தை. 'எழுந்ததும் அக்காவும் நானும் உட்கார்ந்து நிதானமாப் பேசணும், பேச்சு முழுக்க அவரைப் பத்தித்தான், அதனால அவரை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுடுங்க'ன்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்காங்க."