லேசரில் சோதித்த வெண்மை

பாண்டுங்,
வெள்ளிக்கிழமை, மதியம்.

மதிப்புக்குரிய போப்பொன் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தம்பி மனைவி இமாஸ் எழுதுவது. இறைவன் அருளால் இங்கே நானும் உங்கள் தம்பி யாயானும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் உங்கள் கடையின் சலவை இயந்திரங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். முறைக்காகக் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் என்றால் என்னைப் பேச விடமாட்டீர்கள். நேரில் என்றால் வாயில் எதையாவது திணித்துவிடுவீர்கள். காகிதத்தை நடுவில் மறிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று காலை ஸ்கூட்டரில் வேலைக்கு வந்தால் எங்கள் துறைக் கட்டட வாசலுக்கு நேர் எதிரே இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே ஒரு பேனர் ஆடிக்கொண்டிருக்கிறது. தேர்தல்கூட இல்லையே, யார் இது என்று பார்த்தால் உங்கள் முகம். பக்கத்தில் கறுப்புப் பின்னணியில் பளபளவென்று நீலமாக ஒரு நூல். கீழே கொட்டை எழுத்தில், ‘பேராசிரியர்கள் லேசரில் சோதித்த வெண்மை. போப்பொன் சலவையகம். கிலோ கணக்கில் துவைத்துத் தரப்படும்.’ ஓரத்தில் நான், வாயைத் திறந்தபடி நிற்கிறேன். அது சந்தோஷத்தில் திறந்த வாய் இல்லை அக்கா. என் ஆறு வருஷ உழைப்பு மண்ணாய்ப் போன நிமிஷத்தில் திறந்த வாய். அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்ததே தப்பு, அதை ஊர் பார்க்கத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். வாசல் காவலர் வேறு, “பேனர் நல்லா வந்திருக்கு டாக்டரம்மா, உங்க பல்லுகூட வெள்ளையா தெரியுது” என்கிறார். காலை வேலை முடிந்த கையோடு மாடி ஏறி வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

புதன்கிழமை என்ன நடந்தது என்பது உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று அந்தப் பேனரைப் பார்த்தால் புரிகிறது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். எங்கள் லேசரின் ஒளி குழாய்த் தண்ணீர் மாதிரி விடாமல் வருவதில்லை, சொட்டுச் சொட்டாகத் தெறித்து வருகிறது. ஒவ்வொரு சொட்டும் கண் இமைப்பதைக் கோடிக் கோடியாக வெட்டினால் வரும் ஒரு துண்டு நேரம்தான் இருக்கும், ஆனால் அதற்குள் பல நிறங்கள் கூட்டமாகப் பயணம் செய்கின்றன. அந்தக் கூட்டம் மொத்தமாக ஒரே நேரத்தில் போய் மோதினால்தான் மீன்குஞ்சின் இதயத்தில் ஏற்றியிருக்கும் சாயம் நீலமாக ஒளிரும், நமக்குப் படம் கிடைக்கும். இதில் என்ன கஷ்டம் என்றால், நுண்ணோக்கியின் தடித்த கண்ணாடிகளைத் தாண்டும்போது சிவப்பு முந்திவிடுகிறது, நீலம் பின்தங்கிவிடுகிறது. சொட்டு இழுபட்டு நீண்டுபோகிறது, படம் மங்குகிறது. சரி, லேசரைக் கூட்டி வைப்போம் என்றால் மீன்குஞ்சு வெந்துவிடும். போன வருஷம் காருத்தில் நடந்த கல்யாணத்துக்கு எல்லோரும் ஒரே வேனில் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் கெபாயா உடுத்திக் கொண்டை போட்டு வர ஒரு யுகம் ஆகும் என்று தெரிந்து, உங்களுக்கு மட்டும் ஏழு மணிக்கு வேன் என்றும் மற்றவர்களுக்கு எட்டு மணி என்றும் சொல்லி வைத்தோம். இது உங்களுக்கு இதுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள். பிந்துகிறவர்களை முன்னால் கிளப்பிவிட்டு, முந்துகிறவர்களைக் கொஞ்சம் பிடித்து வைத்தால் எல்லோரும் ஒன்றாக வந்து சேருவார்கள். இதைத்தான் நான் லேசர் ஒளிக்குச் செய்கிறேன். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எந்த நிறத்தை எவ்வளவு பிடித்து வைப்பது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடியாது. கணினி ஒவ்வொரு விதமாகப் போட்டுப் பார்த்து, எப்போது வெளிச்சம் கூடுகிறதோ அந்த அமைப்பை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டுத் தேடிக்கொண்டே போகும். அது படத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தை மட்டும்தான் பார்க்கும். மீனை வளர்ப்பது என் தோழி வேனி, உயிரியல் துறை. அவள் ஒரு மீன்குஞ்சை மயக்கி ஜெல்லியில் பதித்துக் கொடுத்துவிட்டுத் தன் தம்பி கல்யாணத்துக்கு யோக்யகார்த்தா போய்விட்டாள். நான் நுண்ணோக்கியில் பார்த்தேன், இருந்ததிலேயே பிரகாசமாக நீளமாக ஒரு நார் தெரிந்தது. இதயத் தசைதான் என்று முடிவு கட்டி, லேசரை அதன்மேல் நிறுத்தித் தேடலைத் தொடங்கிவிட்டேன். எப்போதும் தேடல் பாதியில் இருக்கும்போதே மீனின் சாயம் வெளிறிப் போய்விடும். இந்தத் தடவை ஒரு நாள் முழுக்க ஓடியும் வெளிறவே இல்லை, வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது. நான் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை வேறு தொழுதேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த லேசர் இங்கே இருக்குமா, தலைநகர்ப் பக்கம் கட்டியிருக்கும் புது ஆய்வு வளாகத்துக்குப் போய்விடுமா என்று தீர்மானிக்கத்தான் புதன்கிழமை குழு வந்தது. லேசர் போனால் என் ஆய்வுக்கூடம் வெறும் இருட்டறை. இதை உங்களிடம் படித்துப் படித்துச் சொல்லித்தான் வெள்ளைக் கோட்டுகளைத் துவைக்கக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும், அங்கேதான் தப்பு செய்தேன். நீங்களே தூக்கிக்கொண்டு வந்தீர்கள். வந்தவர் போனீர்களா? குழுத் தலைவர் பேராசிரியர் சுத்திஸ்னாவுக்கு உங்கள் கையாலேயே கோட்டு மாட்டிவிட்டு, “ஐயா கொஞ்சம் இளைச்சுட்டீங்க போல, சாப்பிடுங்க” என்று லேசர் அறைக்குள்ளேயே அவர் கையில் தேங்காய்ப்பால் சுராபி அப்பத்தைக் கொடுத்தீர்கள். அந்த அறைக்குள் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை அக்கா. அவரும் ஒன்றுக்கு இரண்டாகத் தின்றுவிட்டு விரலை நீங்கள் மாட்டிவிட்ட கோட்டிலேயே துடைத்தார்.

பிறகு நான் பெரிய திரையில் படத்தைப் போட்டு, இதுதான் உயிருள்ள மீனின் இதயத் தசை, ஒளியை ஒழுங்குபடுத்தியதால் இத்தனை தெளிவு என்று விளக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். சுத்திஸ்னா மட்டும் தட்டவில்லை. திரைக்குக் கிட்டே போய்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“ஏம்மா, இதயம்னு சொல்றீங்க, துடிக்கவே இல்லியே?”

“மீன் மயக்கத்துல இருக்கு ஐயா.”

“மயக்கத்துலயும் இதயம் துடிக்கும்மா. துடிக்கலேன்னா அதுக்குப் பேரு மயக்கம் இல்ல.”

அந்த நேரம் பார்த்து வேனி ரயிலிலிருந்து இறங்கிய கையோடு பெட்டியும் தானுமாக உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், குனிந்து நுண்ணோக்கியைப் பார்த்தாள். “மீனு ஓரமா படுத்திருக்குடி. நீ எதைப் படம் பிடிச்சே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். சுத்திஸ்னா உணவகத்துக்கு ஆள் அனுப்பி, அங்கே கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கை வாங்கி வரச் சொல்லி, அறை விளக்கை அணைத்தார். அப்போது நடந்ததை நீங்களும்தான் பார்த்தீர்கள். குழு மொத்தமும் கழுத்திலிருந்து முழங்கால் வரை நீல வெள்ளையாக எரிந்தது. தலைகள் இருட்டில் காணாமல் போய், கோட்டுகள் மட்டும் பேய் மாதிரி நின்றன. வீட்டில் துவைத்த வேனியின் சட்டை மட்டும் கறுப்பாக இருந்தது. “சலவைப் பொடியில வெள்ளையா தெரியறதுக்கு ஒண்ணு கலப்பாங்க. அதுவும் இந்த மாதிரிதான் நீலமா ஒளிரும். மீன்மேல கோட்டுப் பஞ்சு விழுந்திருக்கு. நீங்க பஞ்சைத்தாம்மா ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க” என்றார் அவர். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். போன தடவை நீங்கள் துவைத்துக் கொடுத்த கோட்டைத்தான் மீனை வைத்த அன்று நான் போட்டிருந்தேன். அப்போது இருட்டிலிருந்து உங்கள் குரல் வந்தது.

“அப்ப எங்க கடைத் துணிதான் எல்லாத்தையும்விட வெளிச்சமாங்க?”

“ஆமாம்மா, சந்தேகமே இல்ல.”

“இருங்க இருங்க, விளக்கைப் போட்றாதீங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்.”

எடுத்தீர்கள். ஒன்று இல்லை, திரையையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றி எடுத்தீர்கள். விளக்கைப் போட்டதும் என்னையும் ஒன்று எடுத்தீர்கள், அதுதான் இப்போது மின்கம்பத்தில் தொங்குகிறது. சுத்திஸ்னா கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் நிஜமாகத் துடிக்கிற இதயத்தைக் காட்டினால் லேசர் இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் திங்கள் காலை லாரி வரும் என்றார். அவர் நல்ல மனுஷர், கோபப்படக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அன்றைக்கே பஞ்சுக்காகத் தேடிய அமைப்பை அழித்துவிடு என்று வேனியிடம் சொன்னேன். அந்தப் பஞ்சைச் சாமணத்தால் எடுத்துக் குப்பையில் போட்டேன். நேற்றும் இன்றும் மீனை வைத்துப் புதிதாகத் தேடுகிறோம். சாயம் பாதியில் வெளிறிவிடுகிறது. இரண்டு மீன்கள் செத்துவிட்டன. வேனி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று ராத்திரி யாயானிடம் அழுதேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “அக்கா நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க, துணி நெஜமாவே வெள்ளையாதானே இருந்துச்சு” என்றார். உங்கள் ரத்தம் அல்லவா, வேறு எப்படிப் பேசும்? அவருக்கு இரவுச் சாப்பாடு போடவில்லை, அவரே முட்டை பொரித்துச் சாப்பிட்டார்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். இன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பேனர் கழற்றப்பட வேண்டும். என் ஆய்வுக்கூடத்துப் பக்கம் நீங்களோ, உங்கள் பொடியோ, உங்கள் வாசனைத் தண்ணீரோ, உங்கள் சுராபியோ வரக் கூடாது. இந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு உங்கள் வீட்டுக்கு நான் வருவதாக இல்லை. யாயானும் பிள்ளைகளும் வருவார்கள், நான் தலைவலி என்று வீட்டில் இருப்பேன். லாரி வந்து லேசர் போய்விட்டால் அந்தப் பெருநாள் மட்டும் இல்லை, இனி எந்தப் பெருநாளும் இல்லை. என் வயதில் இன்னொரு லேசர் யாரும் தரமாட்டார்கள் அக்கா. இதை நீங்கள் கொஞ்சமாவது யோசித்திருக்கலாம்.

அண்ணனுக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதுகுவலிக்கு அவர் கேட்ட தைலத்தை யாயான் கொண்டுவந்து தருவார். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் கடைக்கு மேலும் மேலும் அழுக்குத் துணிகளையும் தரட்டும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
இமாஸ் குர்னியாசி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வேனி போன் செய்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை, “கீழ வா.” போனேன். திரையில் மீனின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. ரத்த அணுக்கள் ஒவ்வொன்றாக இதய வால்வின் கதவைத் தள்ளிக்கொண்டு போவதுகூடத் தெரிந்தது. இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததே இல்லை. எந்த அமைப்பு இது என்று கேட்டேன். “நீ அழிக்கச் சொன்னியே, அந்தப் பஞ்சோடதுதான். நான் அழிக்கல. ஏண்டி, வெளிச்சத்தை இழுத்து நீட்டறது நடுவுல இருக்கற கண்ணாடிதானே? அந்தப் பக்கம் மீனு இருந்தா என்ன, பஞ்சு இருந்தா என்ன?” என்றாள். இதை நான் வருஷா வருஷம் முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்குச் சொல்கிறேன். மீன் தாங்காது, பஞ்சு எத்தனை நாள் தேடினாலும் தாங்கும். பஞ்சில் தேடி, மீனில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். சுத்திஸ்னாவுக்கு உடனே அனுப்பினோம். மீன் இப்போது தொட்டியில் நீந்துகிறது என்று கேட்டதும், லாரிக்காரனிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்கிறார் யாயான், போனில். மேலே எழுதியதும் உண்மைதான், காருத் வேன் உட்பட, அதனால் அப்படியே அனுப்புகிறேன். பேனர் இருக்கட்டும். நுண்ணோக்கியில் கண்ணாடி மாற்றும்போதெல்லாம் மறுபடியும் தேட வேண்டும், அதற்குப் பஞ்சு வேண்டும். இருந்த ஒன்றையும் நான் குப்பையில் போட்டுவிட்டேன். கோபத்தில் கோட்டுகளை நேற்றே உங்கள் எதிர்க் கடையில் போட்டு, உங்கள் பொடியின் சுவடே இல்லாமல் வெளுப்பு மருந்தில் ஊறவைத்து வாங்கியிருந்தேன். இப்போது எடுத்து ஊதா விளக்கில் பார்த்தோம், ஒரு நூல்கூட ஒளிரவில்லை அக்கா, வெறும் சுத்தமாக இருக்கின்றன. நாளைக் காலை எல்லாவற்றையும் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.