ஆஸ்திரேலியா முளைத்த கதை

அவசரக்காரர்களுக்கு அந்தமான் லாயக்கில்லை. இங்கே எதுவும் கப்பல் வந்தால்தான் நடக்கும். கப்பலோ தன் இஷ்டத்துக்குத்தான் வரும். நானோ பிறவி அவசரக்காரன். (இட்லி வேகும்போது நடுவில் மூடியைத் திறந்து பார்க்கிற ரகம்.)

எழுபதுகளில் போர்ட் பிளேரில் மரம் சம்பந்தப்பட்ட ஓர் ஆபீசில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தேன். ஆலையில் மிஞ்சும் மரக் கழிவைச் சில்லுகளாக வெட்டி, காகிதம் செய்ய வெளிநாட்டுக்கு விற்கலாமா என்று பார்க்க மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. ஏற்கெனவே விற்றுவந்த அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் வருஷாவருஷம் எவ்வளவு அனுப்பின என்று அவருக்கு ஒப்பிட்டுக் காட்டுவது என் பொறுப்பு. அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், ஊருக்குள்ளேயே டெலானிபூரில் குவார்ட்டர்ஸ். அதே கப்பலில் என் புது மனைவி செல்லம்மாவும் வருகிறாள். அவளிடம் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதாகவே அளந்துவைத்திருந்தேன். (இருந்ததோ பிரம்மச்சாரிகள் குறட்டை விடும் தகரக் கொட்டகை.)

"தோ லைன் கீஞ்ச் தோ, பஸ்!" என்றார் எங்கள் மேலதிகாரி, வங்காளி சாப். கிராஃப் தாளில் இரண்டு கோடு போட்டால் போதுமாம். எனக்குப் போதுமா? ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி நாட்டுக்கொரு வரிசையாக வைத்து, வருஷத்துக்கு ஒன்றாக, ஏற்றுமதிக்குத் தக்க உயரத்தில் நிஜச் சில்லுகளையே நிரப்பினேன். அமெரிக்காவுக்குச் சிவப்பு படாக் மரம், ஆஸ்திரேலியாவுக்கு வெள்ளைப் பபிதா மரம். எல்லாம் ஆலையிலிருந்து ஈரத்தோடு அள்ளிவந்தவை. யாரும் தொட்டுவிடக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி, அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

வாரக்கணக்கில் கப்பல் வரவில்லை. விடாத மழை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கப்பல் வந்து அணையும் ஜெட்டிக்கு ஓடுவேன், திரும்புவேன், மேட்டில் ஏறிக் கடலைப் பார்ப்பேன், மறுபடி ஓடுவேன்.

"தம்பி, நீ நடக்கிறதால கப்பல் வராது. செருப்புதான் தேயும்," என்றார் ஜெட்டிப் பக்கம் கடை வைத்திருந்த காதர் பாய்.

இத்தனை பரபரப்பிலும் அந்த அறையை ஒரு தடவை திறந்து பார்த்தேனா? மாட்டேனே!

ஒருவழியாகக் கப்பல் வந்தது. செல்லம்மா டிரங்குப் பெட்டியோடு இறங்கினாள். அதிகாரி நேரே ஆபீசுக்குப் போகலாம் என்றுவிட்டார். அவளையும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கதவைத் திறந்ததும் குப்பென்று வாடை. வைரம் பாய்ந்த படாக்கில் அமெரிக்கா வைத்தது வைத்தபடி இருந்தது. ஆஸ்திரேலியா முழுக்கக் காளான்! பாட்டில் வாயைத் தாண்டிக் கொத்துக் கொத்தாகக் குடை விரித்து நின்றது.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். "ஏன்யா, ஆஸ்திரேலியா ஆரம்பிச்ச வருஷமே இப்படி எகிறியிருக்கு?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "அங்க நல்ல மழை சார்," என்றேன்.

"ஹே பகவான்!" என்று சாப் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. விவரம் புரியாத செல்லம்மா வாசலில் நின்றபடி மெல்லக் கேட்டாள்: "ஏங்க, நம்ம குவார்ட்டர்ஸ் எங்க?"

பதிலை அதிகாரியே சொன்னார். "திக்லிபூர்ல."

அது அந்தமானின் வடகோடி. பெட்டியைத் திறக்காமலே அவள் என்னோடு அடுத்த கப்பல் ஏறினாள். அங்கே குவார்ட்டர்ஸ் என்பது வயலுக்கு நடுவே ஓர் ஓலைக் குடிசை. வேலை நிரந்தரமாவதற்குள் எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டன.

அதுகளையும் அவள் கெடுத்துவைத்திருக்கிறாள். வீட்டில் யாருக்கு எது கூடினாலும், மார்க்கோ எடையோ, "அங்க நல்ல மழையோ?" என்று கோரஸாகக் கேட்பார்கள். போன மாதம் பெரியவன் சென்னையிலிருந்து போனில் சம்பளம் ஏறியிருப்பதாகச் சொன்னான். செல்லம்மா வழக்கம்போலக் கேட்டாள். அதற்குள் அங்கே போனை வாங்கியிருந்த புது மருமகள் பாவம், "ஆமா அத்தை, ரெண்டு நாளா கொட்டுது!" என்றாள்.

இங்கே எழுந்த சிரிப்பு அடங்கவேயில்லை. அந்தப் பெண்ணுக்கு முழுக் கதையையும் சொல்லும்படி போனை என் கையில் திணித்துவிட்டார்கள்.