துப்பல் விஞ்ஞானி

தன் துப்பலைச் சுத்தமாக வைத்திருப்பதற்காக மூன்று மாதம் மீனைத் தொடாமல் இருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அதுவும் புங்குடுதீவில் இருந்துகொண்டு. இறுப்பிட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் தங்கியிருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஊர் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் துப்பல் விஞ்ஞானி என்று சொல்லத் தொடங்கிவிட்டது.

தொல்பொருள் திணைக்களம் அவரை அனுப்பியது ஒரு சிலைக்காக. கை முறிந்ததால் பூசையில்லாமல், எங்கள் கோயில் வாகனசாலையில் நின்ற சோழர் காலத்துக் கல் அம்மன். விளக்குப் புகையும் சுண்ணாம்பும் ஏறி முகமே தெரியாது. அதற்கடியில் அந்தக்காலத்து வர்ணம் அப்படியே இருக்கிறது என்றார் இவர். கோயில் தலைவரோ கும்பாபிசேகத்துக்கு முன் அவளுக்கு எனாமல் பூசி, முகத்துக்கு ரோசாநிறம் அடித்து, வாசலில் நிறுத்தத் தீர்மானித்திருந்தார். பெயின்டர் வருகிற நாளுக்குள் பழைய வர்ணத்தை முகத்தில் காட்டினால் விடுகிறேன், இல்லாவிட்டால் எனாமல்தான் என்று சொல்லிவிட்டார்.

ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, கல்லில் மெல்ல உருட்டுவார். துப்பல் அழுக்கை எடுக்கும், வர்ணத்தை விடும். போத்தலில் வருகிற மருந்து எதற்கும் அந்தப் பக்குவம் இல்லை என்பது அவருடைய விஞ்ஞானம். ஆனால் கோயிலுக்குள் எச்சில் என்று தெரிந்தால் ஐயர் எங்கள் இருவரையும் கடலில் தள்ளியிருப்பார். அதனால் ஒவ்வொரு முறையும் திரும்பி நின்று இருமுவதுபோல் பாவனை செய்தார். ஐயர் இரக்கப்பட்டு மல்லிக் கசாயம் அனுப்பினார்.

மத்தியானங்களில் நான் சும்மா போய் அவருக்குப் பின்னால் இருப்பேன். மரக்குதிரையும் மர மயிலும் எங்களுக்கு மேலால் எட்டிப் பார்க்கும். பனங்கூடலுக்குள்ளால் வருகிற காற்றில் கண் சொக்கும். நாளொன்றுக்கு ஒரு நகத்தளவு தெளியும்: முதலில் ஒரு மஞ்சள், பிறகு காதோரம் ஒரு பச்சை. நான் எந்த நூற்றாண்டில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். அவர் மட்டும், கல்லுக்கு ஈரம் கூடாது என்று, மூச்சை மெதுவாக விடும்படி என்னைக் கேட்டுக்கொள்வார்.

பெயின்டர் வருவதற்கு முதல்நாள் வாயும் இடது கண்ணும் மிச்சம். அன்று என் மனைவி பீற்றூட் கறி வைத்திருந்தாள். அவசரத்தில் சரியாக வாய் கொப்பளிக்காமல் ஓடியவர், சிலையின் உதட்டில் உருட்டிய பஞ்சைப் பார்த்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். பஞ்சு சிவந்திருந்தது.

“அண்ணை, ஆயிரம் வருசத்துச் சிவப்பைத் துடைச்சுப்போட்டன்.”

சத்தம் கேட்டு ஐயர் வந்தது எனக்குத் தெரியாது.

“அது பீற்றூட்டப்பா. நாக்கை நீட்டும் பாப்பம்,” என்றேன்.

நீட்டினார். நாக்கும் சிவப்பு. ஐயர் நாக்கைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று விஞ்ஞானி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வேட்டைக்காரன் வாய்த்தண்ணீரால் சுவாமியை முழுக்காட்டிய கதையை நான் மெல்ல எடுத்தேன்.

“அந்தக் கதையை எனக்குச் சொல்ல வேண்டாம். அவன் பக்தியிலை செய்தவன். இவர் சம்பளத்துக்குத் துப்புறார்,” என்றார் ஐயர்.

“சம்பளத்துக்கெண்டால் மீன் திண்டிருப்பன் ஐயா.”

ஐயர் அம்மனின் முகத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு, மிச்சத்தையும் முடிக்கும்படி கையைக் காட்டினார். ஆனால் பயத்தில் எங்கள் ஆளின் வாய் வறண்டு பாலையாகிவிட்டது. பஞ்சு நனையவே மாட்டேன் என்றது. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஐயர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார்.

“பிறந்ததிலையிருந்து என்ரை வாயிலை மச்ச மாமிசம் பட்டதில்லை. பஞ்சைத் தாரும்.”

ஐயர் நனைத்துக் கொடுக்க, இவர் உருட்டினார். பொழுது சாய்வதற்குள் உதட்டில் அசல் சிவப்பு வந்தது. கண்ணில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது.

மறுநாள் காலை எனாமல் தகரங்களோடு வந்த பெயின்டர் அவளுக்கு முன்னால் நின்றான். தகரங்களைக் கீழே வைத்துவிட்டுத் தலைவரைத் திரும்பிப் பார்த்தான்.

“இவ எழும்பிட்டா. இனி நான் என்னத்தைப் பூசுறது?”

தலைவர் கைகூப்பினார். அந்தக் கணம் விஞ்ஞானி வெளியே ஓடினார். என்னவோ ஏதோ என்று நானும் பின்னால் போனேன். வெயிலில் நின்று தேம்பிக்கொண்டிருந்தார். கண்ணீரில் உப்பு இருக்கிறதாம். பக்கத்தில் நின்று அழுதால் அவளுக்கு ஆகாதாம். அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு அன்பு என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் போய் நானும் நின்று அழுதேன்.