தேக்சா வழக்கு வாபஸான ஆண்டு

மலாயாவின் கிள்ளானில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாவா, 1941-இல் வெள்ளைக்கார அரசாங்கத்தின் மேல் ஒரு சிவில் வழக்குப் போட்டார். அவர் பிரியாணி ஆக்கும் பெரிய பாத்திரமான தேக்சா நடைபாதையில் நின்று பொது அமைதியைக் குலைக்கிறது என்று அதிகாரிகள் அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதைத் திருப்பித் தரவேண்டும் என்பதே வழக்கு.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். பழைய அரசாங்கத்தின் நாற்காலிகள், மின்விசிறிகளோடு அதன் வழக்குகளும் புதிய அரசாங்கத்துக்குச் சொந்தமாயின. ஆகவே பாவா, கல்லாவில் உட்கார்ந்தபடியே, ஜப்பான் மாமன்னரின் அரசாங்கத்தை எதிர்த்து வழக்காடுகிறவர் ஆகிவிட்டார். அவரைக் கோலாலம்பூரில் சிறை வைத்தார்கள்.

அவர் மனைவி நூருன்னிசா நீதிமன்றத்துக்கு ஓடினாள். அங்கே குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி இராமலிங்கம், புதிய நாகரிகப்படி தலையை மொட்டையடித்து, கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, பழக்கத்துக்காக அலமாரிக்கெல்லாம் குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"வழக்கை வாபஸ் வாங்கினா விட்டுடுவாங்க, தங்கச்சி. ஆனா அவரு சொந்த விருப்பத்தில வாங்கணும்."

"அவரு விருப்பத்தை ஏன் கேக்கறீங்க, கிராணி ஐயா? என் விருப்பத்தைக் கேளுங்க."

பாவாவைக் கொண்டுவந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு சிப்பாய். அவன் துப்பாக்கி முனையில் கத்தி.

"சொந்த விருப்பந்தானே, பாய்?"

"கத்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க. யோசிச்சுச் சொல்றேன்."

"தள்ளிப் பிடிச்சா விருப்பம் மாறிடும்லா."

"மச்சான், தேக்சா போனாப் போவுது. நீங்க வாங்க," என்றாள் நூருன்னிசா.

பாவா கையெழுத்துப் போட்டார். ஜப்பான்காரர்களின் புதிய நாட்காட்டிப்படி அது 2603-ஆம் ஆண்டு; பழைய கணக்கில் 1943. இராமலிங்கம் பயபக்தியோடு தேதியிட்டார்.

"1941-இல போட்ட வழக்கு, 2603-இல வாபஸ். அறுநூறு வருஷத்துக்கு மேல பொறுத்திருக்கீங்க. நம்ம கோர்ட்டுக்கு இது ஒண்ணும் புதுசில்லே."

பாவா வீடு திரும்பினார். அரிசி கிடைக்காத காலம். சின்னச் சட்டியில் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்றார். மழை பெய்யும்போது மட்டும், தேக்சா இருந்த இடத்தில் படிந்திருந்த வட்டக் கரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்த மழைக்கும் அது கரையவில்லை.

1945-இல் வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். இராமலிங்கத்தின் தலைக்கு முடியும் கழுத்துக்குப் பட்டையும் திரும்பி வந்தன. பாவாவுக்கு நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது.

"பாய், நீங்க வாபஸ் வாங்கினது 2603-இல. அந்த வருஷம் இன்னும் வரலே. விடுதலை உத்தரவும் அதே தேதி. சட்டப்படி நீங்க இப்ப சிறையிலதான் இருக்கணும்."

"உள்ளே போட்டதும் ஜப்பான்காரன் வருஷத்திலதானே!" என்றாள் நூருன்னிசா.

"உள்ளே போட்டது வாய் உத்தரவு, தங்கச்சி. அதுக்குத் தேதியே கிடையாது."

பாவாவின் முகத்தில் மட்டும் வெளிச்சம். "அப்ப வழக்கு உயிரோட இருக்கா? தேக்சா?"

"பின்கட்டில பத்திரமா இருக்கு. சண்டைக்காலம் முழுக்க எங்களுக்குக் கிழங்கு அவிஞ்சது அதிலதான்லா."

"அப்ப அதை வாங்காம விடமாட்டேன்!"

பின்னால் ஒரு காவலர் வந்து நின்றார். கத்தி இல்லை, நாகரிகமான அரசாங்கம். கையில் விலங்கு மட்டும்.

"சொந்த விருப்பத்தில வாபஸ் வாங்கறீங்களா, பாய்?"

நூருன்னிசா பேனாவை எடுத்துப் புருஷன் விரல்களுக்குள் வைத்தாள்.

"என்ன வருஷம் போடறது?" என்றார் பாவா.

இராமலிங்கம் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வருஷத்தை மட்டும் விட்டுடுங்க. நாளைக்கு யாரு வருவாங்களோ."

மனுக் கொடுக்கப் பின்னால் வரிசையில் நின்ற நாங்கள் இராமலிங்கத்தைப் பார்த்துச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே, எங்கள் மனுக்களிலும் வருஷத்தைக் கோடுபோட்டு அடித்தோம்.