ரைட் கிளிக் திருத்தல்வாதி

ஜெஸீம் கட்டாருக்குப் புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன். வாசலில் வேன் ஹோன் அடிக்கிறது. உம்மா கண்ணைத் துடைக்கிறா. வாப்பா கடவுச்சீட்டை மூன்றாம் தடவையாகப் புரட்டிப் பார்க்கிறார். பயணக்காரரை மட்டும் காணவில்லை. அவர் வீட்டின் முன்னறையில், தட்டச்சும் அச்சும் செய்து கொடுக்கும் தன் கொம்யூனிகேஷன் கடைக் கணினிக்கு முன்னால் குந்தியிருக்கிறார்.

"ஒரு நிமிஷம் வாப்பா, ஒரு வரிய மேல தூக்கிட்டு வாறன்."

வாசகரே, இந்த இனத்துக்கு ரைட் கிளிக் திருத்தல்வாதி என்று பெயர். மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னப் பட்டியல் விரியும் அல்லவா? திற, பிரதி எடு, அழி என்று. நாமெல்லாம் அதில் வேண்டியதைத் தொட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். திருத்தல்வாதிக்கு அந்தப் பட்டியல்தான் வேலை. நீளம் என்று அதைக் குறைப்பார், குறைத்த இடத்தில் சொந்தமாகப் பத்து வரி சேர்ப்பார், இப்போது நீளம் என்று சொற்களை ஒற்றை எழுத்தாக வெட்டுவார், எது எந்த எழுத்து என்று மறந்துபோய் ஒவ்வொன்றுக்கும் நிறம் கொடுப்பார், நிறம் கண்ணைக் குத்துகிறது என்று அதையும் எடுத்துவிட்டுத் திருப்தியாகப் பிளேன்டீ குடிப்பார். இதனால் என்ன இலாபம்? "ஒரு கிளிக் மிச்சம்." மிச்சம் பிடித்த கிளிக்கையெல்லாம் எங்கே வைத்திருக்கிறார்? கேட்டுவிடாதீர்கள், விளக்கம் சொல்வார்.

தன் கணினியோடு நின்றாலும் பரவாயில்லை. தங்கை நதீராவுக்குச் சாய்ந்தமருது ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், வட்டிலப்பம் வருவதற்குள் மாப்பிள்ளையின் மடிக்கணினியைத் திருத்திவிட்டு வந்தார். சம்பந்தம் அதோடு நின்றது. அந்த வீட்டில் 'அழி' என்ற வரியை இன்னும் தேடுகிறார்களாம்.

நதீரா அதற்காகக் கவலைப்படவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது மாப்பிள்ளை அல்ல, அந்தக் கடை. மூன்று வருடமாக நானா ஜெஸீமின் முதுகுக்குப் பின்னால் இருந்து தட்டச்சு செய்தவள். வேன் மறைந்ததும் வாப்பாவிடம் கேட்டுவிட்டாள்.

"ஒரு மாசம் நடத்திப் பாரு மகள்," என்றார் வாப்பா. "ஒரு ஆளாவது குறை சொல்லிக்கிட்டு வந்தா, அறையக் கேட்டுக்கிட்டிருக்கிற செருப்புக் கடைக்குக் குடுத்திருவன்."

அந்தக் கடையின் முக்கிய வியாபாரம் இரண்டு. ஒன்று, பதவி பெற்றவர்களுக்கு வாழ்த்து. மற்றது, ஜனாஸா அறிவித்தல், அதாவது மரணச் செய்தி. இரண்டுக்கும் ஜெஸீம் ஒரே ஏற்பாடு செய்திருந்தார். ஆளின் படத்தில் ரைட் கிளிக் செய்து உரிய வரியைத் தொட்டால் போதும். படமும் பெயரும் தாமாகவே அட்டையில் ஏறி, ஊர் வட்ஸ்அப் குழுவுக்கும் தாமாகவே போய்விடும். வரிகளில் இருந்தவை ஒற்றை எழுத்துகள் என்பதால் நதீரா அவற்றை வாசிப்பதேயில்லை. மூன்றாவது வாழ்த்து, ஏழாவது ஜனாஸா. கை அறியும்.

சனிக்கிழமை காலை, மீனவர் சங்கத்துக்குப் புதிதாகத் தலைவரான மீராமுகைதீன் ஹாஜியாரின் படம் வந்தது. ரைட் கிளிக். மூன்றாவது வரி.

அரை மணித்தியாலத்தில் ஹாஜியார் வீட்டு முற்றத்தில் வாடகைக் கதிரைகள் இறங்கின. அவர் அப்போது இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு நேரே கடைக்கு வந்தார்.

"மகள், நான் மௌத்தா?"

"அல்லாஹ்வே! இல்ல மாமா..."

"என்னெண்டு இல்ல? குழுவுல போட்டிருக்கே. எத்தின மணிக்கு அடக்கம்?"

"அட்டையில எப்பவும் அஸருக்குப் பிறகு எண்டுதான்..."

"அப்ப லுஹர் தொழ நேரமிரிக்கி."

சத்தம் கேட்டு வாப்பா உள்ளேயிருந்து வந்து வாசலில் நின்றார். நதீராவின் கண்ணுக்கு முன்னால் சுவரெல்லாம் செருப்புகள் தொங்கின. நானாவுக்கு அழைத்தாள்.

"அதுவா?" என்றார் ஜெஸீம், தோஹாவிலிருந்து, பெருமையோடு. "ராத்திரி இஞ்சயிருந்து கடைக் கம்பியூட்டருக்குள்ள பூந்து பாத்தன். வெள்ளிக்கிழமை நீ நாலு ஜனாஸா அடிச்சிருக்காய். வாழ்த்து ஒண்டும் இல்ல. கூடப் பாவிக்கிறது மேல இரிக்கணும். அதான் ரெண்டையும் மாத்தினன். ஒரு கிளிக்..."

நதீரா அழைப்பைத் துண்டித்தாள். மறுப்பு அறிவித்தல் அனுப்பக் குழுவைத் திறந்தபோது ஹாஜியார் கையை நீட்டினார்.

"பொறு. ஆரார் என்ன எழுதியிரிக்காங்க? வாசி பாப்பம்."

அவள் வாசித்தாள். எழுபத்திரண்டு அனுதாபங்கள். கடைசியாக, தலைவர் தேர்தலில் அவரிடம் தோற்று, 'வலைக் கள்ளன்' என்று ஊரெல்லாம் கதைத்துத் திரிந்த ஹஸன் ஹாஜியார் எழுதியது: "நேர்மையான மனிசன். இப்படியொரு தலைவர் சங்கத்துக்கு இனிக் கிடைக்கமாட்டார்."

ஹாஜியார் கண்ணை மூடி அனுபவித்தார். "திரும்ப வாசி மகள்."

மூன்று தடவை வாசித்தாள்.

"இதத்தான் வாழ்த்துல போடணும். ஹஸன்ட பேரு, எழுதின திகதி, நேரம் எல்லாத்தோடயும். பெருசா அடி. அவன்ட வீட்டு மதிலுக்கு முன்னாலயே ஒண்டு கட்டுவம்."

வாப்பா மெல்லத் தொண்டையைச் செருமினார். "ஹாஜியார், குறை ஏதும்..."

"குறையா? உசிரோட இரிக்கக்குள்ள இப்படி ஆருக்குக் கிடைக்கும்? இந்தப் புள்ளைக்கிட்டத்தான் இனிச் சங்கத்து வேலை எல்லாம்."

செருப்புக் கடைக்காரருக்கு அறை இல்லை என்று அன்றே பதில் போயிற்று. நதீரா கடவுச்சொல்லை மாற்றினாள், நானா நுழையும் வழியை அடைத்தாள், பட்டியலைப் பழையபடி திற, பிரதி எடு, அழி என்று ஆக்கினாள். இனி ஒருவரும் இதில் கைவைக்கக் கூடாது என்று தன்னோடு சொல்லிக்கொண்டாள்.

ஒரு மாதம் அப்படியே இருந்தது. பிறகு சங்கத்துக் கடிதத்துக்கென்று ஒரு வரி சேர்த்தாள். ஒன்றுதான். அதன் கீழே அடையாள அட்டைப் படத்துக்கு ஒன்று. அது அதற்கு மேலே இருந்தால் வசதி.

எட்டு மாதம் கழித்து ஜெஸீமின் செய்தி வந்தது. "தங்கச்சி, இஞ்ச கம்பெனிக் கம்பியூட்டர்ல ரைட் கிளிக்கயே பூட்டி வெச்சிரிக்காங்க. என்ட பட்டியல ஒரு படம் எடுத்து அனுப்பு. காணணும் போல இரிக்கி." பிள்ளையை விட்டுப் போனவர் கேட்பதுபோல இருந்தது. அது இப்போது யாருடைய பட்டியல் என்று சொல்ல மனம் வராமல், பதின்மூன்று வரிகளையும் படமெடுத்து அனுப்பிவிட்டாள் நதீரா.

வாசகரே, பதின்மூன்றில் எது எங்கே என்று கேட்க உங்கள் விரல் துறுதுறுக்கிறதா? அப்படியானால் உங்கள் வீட்டுக் கணினியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நதீராவுக்குப் பதில் வர ஒரு நிமிடமும் ஆகவில்லை:

"வடிவா இரிக்கி புள்ள. ஆனா அந்த ஆறாவத ரெண்டாவதுக்கு ஏத்து."